மஞ்சள் தடவாத கடிதம்

ஸ்காபரோ
12 மார்ச் 1995

திரு. அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

நலம் விசாரிப்பதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் நலமாக இருப்பது பேப்பரில் வந்த படத்திலேயே தெரிகிறது.

தமிழ்க் கடை வாசலில் அடுக்கி வைக்கும் வாரப் பத்திரிகையை என் மனைவி குணவதி எடுத்து வந்தாள். நடுப்பக்கம் முழுக்க நீங்கள். மே ஆறாம் தேதி மூத்தோர் சங்கம் நடத்தும் உலக யுத்த ஐம்பதாண்டு நினைவுக் கூட்டத்துக்கு நீங்கள்தான் பிரதம பேச்சாளராம். இருக்கட்டும். பேச்சாளர் யாராகவும் இருக்கலாம்.

ஆனால் பேட்டியில் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்: "பிரான்ஸ் ஜேர்மனியிடம் விழுந்த பிறகு, அதன் கடல்கடந்த நாடுகள் எங்களோடு நிற்குமா, எதிர்த்துச் சண்டை பிடிக்குமா என்று ஒவ்வொன்றாக மதிப்பிட்டு எழுதியது கொழும்பில் பிரிட்டிஷ் கடற்படை அலுவலகமான எங்கள் கந்தோர். மடகஸ்காரில் பிரெஞ்சுக்காரன் சண்டை பிடிப்பான் என்று நாங்கள் முன்கூட்டியே கண்டுபிடித்தோம்."

நாங்கள் என்றால் யார்?

அந்த அறையில் தலைமை எழுதுவினைஞர் நீங்கள். பாதிரிமாரின் கல்லூரியில் பிரெஞ்சு படித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய அட்டையில்லாத அகராதியை வைத்துப் பிரெஞ்சை எழுத்துக் கூட்டிப் படித்தவன். ஜிபூட்டி, ரியூனியன், மடகஸ்கார், இந்தோசீனா என்று ஒவ்வொரு துறைமுகத்துக்கும் ஒரு தாள். கடலின் ஆழம், பீரங்கி, நிலக்கரி, அரிசி. கடைசியாக, அங்கே உள்ளவர்களின் மனம் எப்படி என்று ஒரு பகுதி. மற்றவை எல்லாம் புத்தகத்தைப் பார்த்து நிரப்பக் கூடியவை. மனத்தை மட்டும் பிடிபட்ட கப்பல்களின் தபாற்பைகளிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது. அந்தக் கடிதங்களை வாசித்தது நான்.

மடகஸ்காரில் சண்டை பிடிப்பார்கள் என்று எழுதியதும் நான். அறிக்கையின் ஆறாம் பந்தி. எங்கள் மேலதிகாரி கொமாண்டர் ஹாலமின் மேசைக்குப் போன பிரதியில் அது இருக்கவில்லை. ஏழாம் பந்தி ஆறாம் பந்தியாகியிருந்தது. ரைப் அடித்தது நீங்கள்.

கூட்டத்துக்கு முன் அதே பேப்பரில் திருத்தம் வரவேண்டும்.

க. விநாயகமூர்த்தி


பிக்கரிங்
20 மார்ச் 1995

அன்புள்ள தம்பி விநாயகமூர்த்தி,

ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு உம்முடைய கையெழுத்தைக் கண்டேன். ஒரு எழுத்தும் வளையவில்லை. ஆளும் வளையவில்லை என்று விளங்குகிறது.

நீர் கனடாவில், அதுவும் பஸ்ஸில் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறீர் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்தக் கந்தோரில் இருந்தவர்களில் நீரும் நானும்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். நான் மகள் வேரோனிக்காவோடு இருக்கிறேன். கண்ணில் சத்திரசிகிச்சை ஆனதால் இதைப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். கோபித்துச் சத்தம் போடுகிறேன் என்று எடுக்க வேண்டாம்.

ஆறாம் பந்தி என்று ஒன்று இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த அறிக்கை, ஈஸ்டர் ஞாயிறு யப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட கிழமையில் எழுதியது. பாதிக் கந்தோர் ஊருக்கு ஓடிவிட்டது. நீர் எழுதினீர், நான் எழுதினேன், யார் எதை எழுதியது என்று இன்றைக்கு யார் சொல்ல முடியும்? பேட்டி எடுத்த பிள்ளைக்கும் அவசரம். "நாங்கள்" என்று சொன்னதில் நீரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்ளும்.

அந்த யுத்தம் முடிந்தது. அதை நடத்தினவர்களும் போய்விட்டார்கள். நாங்கள் நாட்டையே விட்டு வந்தாயிற்று. ஒரு பந்திக்காக ஏன் இவ்வளவு சூடு?

அன்புடன்,
அலெக்ஸாண்டர்


ஸ்காபரோ
25 மார்ச் 1995

திரு. அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

தம்பி என்று எழுத வேண்டாம். கந்தோரில் அப்படித்தான் கூப்பிட்டீர்கள். அப்படிக் கூப்பிட்ட வாயால்தான் என்னைக் கைவிட்டீர்கள்.

ஞாபகம் இல்லை என்கிறீர்கள். எனக்கு இருக்கிறது, சொல்கிறேன். 1942 மே ஐந்தாம் தேதி விடியற்காலையில் பிரிட்டிஷ் படை மடகஸ்காரின் வடக்கே டியேகோ சுவாரெஸ் துறைமுகத்தில் இறங்கியது. பெரிதாக எதிர்ப்பு வராது என்று நம்பிப் போனார்கள். இரண்டு நாள் சண்டை. இவர்கள் பக்கம் மட்டும் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். தீவு முழுவதும் பணிய நவம்பர் ஆனது. இதை நான் சும்மா சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறி நூலகத்துக்குப் போய், மூன்று ஆங்கிலப் புத்தகங்களில் பக்கம் பக்கமாக எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்களுடைய ஒரு தாளை நம்பித்தான் அந்தப் படை போனது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ கந்தோர்கள், எத்தனையோ தாள்கள். ஆனால் எங்கள் தாளும் "கதவைத் திறந்து விடுவார்கள்" என்றுதான் சொன்னது. அது என் தாள் அல்ல.

அந்த மாதக் கடைசியில் கொமாண்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். இந்தக் கடிதங்களை வாசித்தவன் எவனுக்கும் ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டார். எனக்குத் தோன்றியது, ஆறாம் பந்தியில் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன் என்றேன். அவர் உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் அவர் மேசையிலிருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்படி ஒன்றை நான் காணவில்லை, சேர்" என்றீர்கள். இங்கிலிஷில், நல்ல உச்சரிப்போடு.

நடந்து முடிந்த பிறகு முன்பே சொன்னேன் என்று பொய் சொல்பவன் என்று எழுதி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எந்தக் கந்தோரின் படியும் ஏற முடியவில்லை. முப்பத்தொரு வருஷம் லொறிக் கொம்பனியில் சாமான் பட்டியல் எழுதினேன். பிள்ளைகளைப் படிப்பித்தேன். அதைப் பற்றி நான் முறைப்பாடு செய்யவில்லை. பொய்யன் என்று எழுதினார்களே, அதைப் பற்றித்தான்.

நான் கொடுத்த காரணம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். திருத்தத்தில் அதையும் போட வேண்டும்.

க. விநாயகமூர்த்தி


பிக்கரிங்
5 ஏப்ரல் 1995

அன்புள்ள விநாயகமூர்த்தி,

தம்பியை எடுத்துவிட்டேன்.

உம்முடைய கடிதத்தை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். உமக்கு நடந்தது அநியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நிதானமாக யோசித்துப் பாரும். சண்டை நடக்கிற நேரம், ஒரு கொமாண்டரின் மேசைக்குப் போகிற அறிக்கை. மூலையில் மஞ்சள் தடவவில்லை, ஆகவே கடிதம் பொய் என்று அதில் எழுதலாமா? கல்யாணச் செய்திக்கு மஞ்சள் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம், காரைக்காலிலும் இருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் இருந்தது ஆபிரிக்காவுக்குப் பக்கத்தில் ஒரு தீவில். அங்கே மஞ்சளுக்கு எங்கே போவான்? கிடைக்காமல் விட்டிருப்பான்.

போதாததற்கு அந்தக் கிழமை ஸ்ரென்சில் தாளும் தட்டுப்பாடு. பந்தி கூடினால் இன்னொரு தாள் வேண்டும்.

ஒரு வழி சொல்கிறேன். கூட்டத்தில் உம்மையும் மேடைக்குக் கூப்பிடுகிறேன். "இந்த மதிப்பீட்டை நானும் விநாயகமூர்த்தியும் சேர்ந்து செய்தோம்" என்று சபைக்கு முன் சொல்கிறேன். இருவருக்கும் ஒரேமாதிரிப் பொன்னாடை. அதற்கு முன் ஒருநாள் தேத்தண்ணிக்கு வாரும். வேரோனிக்கா ஸ்ரேசனுக்கு வந்து காரில் ஏற்றுவாள்.

அன்புடன்,
அலெக்ஸாண்டர்


ஸ்காபரோ
10 ஏப்ரல் 1995

திரு. அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

என்னுடைய இரண்டு கடிதங்களின் பிரதியும் என்னிடம் இருக்கின்றன. நேற்று இரண்டு தடவை வாசித்தேன். குணவதியையும் வாசிக்கச் சொன்னேன். மஞ்சள் என்ற சொல் இரண்டிலும் இல்லை.

ஆறாம் பந்தி என்று ஒன்று இருந்ததாகவே ஞாபகம் இல்லை என்று எழுதினவர் நீங்கள். ஞாபகம் இல்லாத பந்தியில் மஞ்சள் இருந்தது மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?

குணவதி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "உந்தாள் படிச்ச ஆள்தான், இல்லையெண்டு சொல்லேல்ல. பொய் சொல்லத்தான் ஒருதரும் படிப்பிக்கேல்லப் போல."

மஞ்சளுக்கு எங்கே போவான் என்று கேட்டிருந்தீர்கள். அதற்கும் அந்தப் பந்தியிலேயே பதில் இருந்தது. நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். உங்களுக்கு வசதியாக முழுவதையும் தமிழில் தருகிறேன்:

"டியேகோ சுவாரெஸ் களஞ்சியக்காரர் அம்பலவாணன் காரைக்காலில் உள்ள தமையனுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தை நம்பக் கூடாது. அரிசி தீர்ந்துவிட்டது, சிப்பாய்கள் வீட்டுக்குப் போகத் துடிக்கிறார்கள், கப்பல் வந்தால் கதவைத் திறந்து விடுவார்கள் என்று அதில் இருக்கிறது. கூடவே தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதாகவும் எழுதியிருக்கிறார். எங்கள் மக்கள் கல்யாணச் செய்தியை மூலையில் மஞ்சள் தடவாமல் அனுப்ப மாட்டார்கள். இந்தக் கடிதத்தில் மஞ்சள் இல்லை. இதே மனிதர் ஒரு மாதம் முந்தி, தமையன் பிள்ளையின் காதுகுத்துக்கு வாழ்த்தி எழுதிய முதல் கடிதத்தில் நாலு மூலையிலும் மஞ்சள் இருக்கிறது. ரியூனியன் கப்பலில் இரண்டு மூட்டை மஞ்சள் வந்திறங்கியதாகவும் அதிலேயே சொல்கிறார். கையருகே மஞ்சளை வைத்துக்கொண்டு அவர் தடவாமல் விட்டது, இதில் உள்ளது பொய் என்று தமையன் அறிவதற்காக. யாரோ பக்கத்தில் நின்று சொல்லி எழுதுவித்திருக்கிறார்கள். எங்களைக் கவனக் குறைவாக வரச் செய்யப் பார்க்கிறார்கள். அங்கே சண்டை பிடிப்பார்கள்."

இதைச் சேர்ந்து செய்தோம் என்று சொல்லப் போகிறீர்களா? சேர்ந்து செய்தது நான் எழுதியதும் நீங்கள் வெட்டியதும்தான். அதற்கு ஒரேமாதிரிப் பொன்னாடையா? எனக்கு வேண்டாம். இந்த நாட்டில் போர்த்திக்கொள்ள மகன் வாங்கித் தந்த கோட் இருக்கிறது.

தேத்தண்ணிக்கும் வரமாட்டேன். உங்கள் மகள் போன வியாழன் போன் எடுத்து, "அங்கிள், அப்பாவுக்கு பிரஷர். இப்ப நித்திரையுமில்ல. கொஞ்சம் விட்டுக் குடுங்கோவன்" என்றாள். நல்ல பிள்ளை. அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். எனக்கும் பிரஷர் இருக்கிறது. 1942இல் இருந்து இருக்கிறது.

திருத்தம் வராவிட்டால் மே ஆறாம் தேதி மண்டபத்துக்கு வருவேன். நீங்கள் "நாங்கள்" என்று வாயெடுக்கும் இடத்தில் எழுந்து நிற்பேன்.

க. விநாயகமூர்த்தி


பிக்கரிங்
23 ஏப்ரல் 1995

விநாயகமூர்த்தி,

நீர் மண்டபத்தில் எழும்புவீர் என்ற பயத்தில் இதை எழுதுகிறேன் என்று நினைப்பீர். பயம் இருக்கிறது. ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

பந்தி இருந்தது. நான்தான் வெட்டினேன். ஸ்ரென்சில் தாள் தாராளமாக இருந்தது.

குண்டு விழுந்த அடுத்த நாள், எங்கள் கந்தோர் பியோன் வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கோர்த்துக் கட்டினதை மறந்திருக்க மாட்டீர். கொமாண்டர் அதைத் தடியால் தட்டிப் பார்த்து, யப்பானியருக்கு எதிராக எங்களுடைய புதிய பீரங்கி இதுவா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட உரத்துச் சிரித்தவன் நான். நீர் சிரிக்கவில்லை.

மூன்று நாள் கழித்து உம்முடைய பந்தி என் கைக்கு வந்தது. வாசித்தவுடன் சரி என்று தெரிந்தது. அதுதான் நான் இவ்வளவு காலமும் சொல்லாதது. பிழை என்று நினைத்து வெட்டவில்லை. சரி என்று தெரிந்தே வெட்டினேன். மஞ்சள் என்ற சொல்லை இங்கிலிஷில் ரைப் அடித்தபோது, கொமாண்டர் அதைத் தன் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பது என் காதில் கேட்டது. அறிக்கையின் அடியில் இருந்தது என் கையெழுத்து. தாளை உருவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தேன்.

பிறகு அவர் எங்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது, ஓம் என்று சொல்ல வாய் எழவில்லை. சொல்லியிருந்தால் உமக்குப் பதில் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இதோடு ஒரு பழைய கடிதம் வைத்திருக்கிறேன். யுத்தம் முடிந்து, 1946இல், காரைக்கால் விலாசத்துக்கு நானே எழுதினேன். உங்கள் தம்பியின் மகள் கல்யாணம் நல்லபடி நடந்ததா என்று மட்டும் கேட்டேன். ஏன் எழுதினேன் என்று கேளாதேயும். நடந்தது என்று பதில் வந்தால் மனம் ஆறும் என்று நினைத்திருப்பேன். வந்த பதிலை நீரே வாசியும். தமையன் எழுதியிருக்கிறார்:

"என் தம்பி அம்பலவாணனுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. மகளுக்கு எங்கே போவது? தாங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினேன். சுகமாக ஊர் வந்து சேர்ந்து, இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறான். துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்று சொல்லச் சொல்ல எழுதிய கடிதமாம் அது. கல்யாணச் செய்தி மட்டும் தானே சேர்த்ததாம். அங்கே யாராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்கிறான்."

நான் பதில் எழுதவில்லை.

அலெக்ஸாண்டர்


ஸ்காபரோ
27 ஏப்ரல் 1995

திரு. அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

நீங்கள் வெட்டினீர்கள் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்காகக் கோபப்பட எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. உள்ளதே போதும்.

இந்தக் காரைக்கால் கடிதம் வேறு.

கழுத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கி இருக்க, இல்லாத மகளுக்குக் கல்யாணம் பேசி, களஞ்சியத்தில் உள்ள மஞ்சளைத் தொடாமல் விட்டு, ஒரு மனிதர் எழுதியிருக்கிறார். யாராவது கண்டுபிடித்தார்களா என்று கேட்கிறார். ஒருவன் கண்டுபிடித்தான். அந்த நேரம் அவன் லொறிக் கொம்பனியில் சீமெந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு தபாலட்டையில் "ஓம்" என்று எழுதி அவருக்குப் போட்டிருக்கலாம். இன்னொன்றில் "நீர் சொன்னது சரி" என்று எழுதி எனக்குப் போட்டிருக்கலாம். இரண்டு பேரையும் நாற்பத்தொன்பது வருஷம் ஒரு உறைக்குள் போட்டுப் பூட்டி வைத்தீர்கள்.

வெட்கத்தால் செய்தேன் என்கிறீர்கள். மன்னிப்பு என்ற சொல்லை நீங்கள் எழுதவில்லை. நல்லது. எழுதியிருந்தாலும் இது பதில் கிடைக்கிற விஷயம் அல்ல.

நான் கேட்பது ஒன்றுதான். பேப்பரில் திருத்தம் இனி வேண்டாம். மண்டபத்தில் ஆறாம் பந்தியை முழுவதும் வாசியுங்கள். யார் எழுதியது, யார் வெட்டியது என்று இரண்டு பெயரையும் சொல்லுங்கள். என்னை மேடைக்குக் கூப்பிடக் கூடாது. நான் கடைசி வரிசையில் இருப்பேன்.

க. விநாயகமூர்த்தி


ஸ்காபரோ
8 மே 1995

அலெக்ஸாண்டர் அண்ணைக்கு,

குணவதி இந்த முதல் வரியைப் பார்த்துவிட்டு, "ஓகோ, அண்ணையோ?" என்றாள். வயதில் நாலு கூட என்பதால் எழுதினேன். வேறொன்றும் இல்லை.

நீங்கள் பந்தியை எடுத்து மஞ்சள் என்ற இடத்துக்கு வந்ததும் சபை சிரித்தது. முன்வரிசையில் சங்கத் தலைவர் கதிரை ஆடச் சிரித்தார். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "கிழவனுக்கு வயசு போய் அறளை பேந்திட்டுது, மஞ்சளை வைச்சோ யுத்தம் நடத்தினவை?" என்றார். நான் எழும்புவதற்குக் கதிரையின் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன்.

நீங்கள் நிறுத்தினீர்கள். கண்ணாடியைத் துடைத்தீர்கள். தாளை இறக்கி வைத்துவிட்டுப் போகப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன். "முதல்ல இருந்து வாசிக்கிறன். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடியுங்கோ, நான் நிக்கிறன்" என்றீர்கள். நின்றீர்கள். பிறகு முதலிலிருந்து கடைசி வரை வாசித்தீர்கள். அம்பலவாணன் கேட்ட கேள்வியையும் வாசித்தீர்கள். என் பெயரையும், வெட்டியவர் பெயரையும் சொன்னீர்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தலைவர் பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு, போர்த்துவதா விடுவதா என்று தெரியாமல் இருந்தார்.

அன்றைக்கும் கொமாண்டர் சிரித்திருப்பார். சிரிக்க விட்டு நின்றிருக்கலாம். அவ்வளவுதான் நான் உங்களிடம் எதிர்பார்த்தது. அது அன்றைக்கு நடக்கவில்லை. நேற்று முன்தினம் நடந்தது என்பதால் அன்றையது இல்லை என்று ஆகாது. இதை எழுதியே வைக்கிறேன்.

ஒரு பிழையும் விட்டீர்கள். மூன்று மூட்டை மஞ்சள் என்று வாசித்தீர்கள். இரண்டு மூட்டை. இரண்டு தடவையும் மூன்று என்றே வாசித்தீர்கள். அடுத்த முறை எங்கே பேசினாலும் திருத்திக்கொள்ளுங்கள்.

பிக்கரிங்குக்குத் தேத்தண்ணி குடிக்க நான் வரமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான். நீங்கள் இங்கே வரலாம். பதினாலாம் மாடி. லிஃப்ட் கிழமையில் இரண்டு நாள் வேலை செய்யாது. அப்படியானால் படியால் வாருங்கள். ஒவ்வொரு மாடியிலும் இருந்து இளைப்பாற இடம் இருக்கிறது.

காரைக்கால் விலாசத்துக்கு நேற்று ஒரு கடிதம் எழுதினேன். அம்பலவாணன் இருப்பாரா, அந்த வீட்டில் இப்போது யார் இருப்பார்கள் என்று தெரியாது. யார் வாங்கினாலும் வாசிக்கட்டும். "ஓம், ஒருவன் கண்டுபிடித்தான்" என்று எழுதி, பெயரும் விலாசமும் போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பினேன்.

உங்களுக்கு எழுதும் இதில் தடவவில்லை. அதைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். வீட்டில் மஞ்சள் முடிந்துவிட்டது.

க. விநாயகமூர்த்தி